தண்ணீர் தேங்காத சீஸ் காய்கறி கேசரோல்: எட்டு முதல் பன்னிரண்டு பேருக்கு

கேசரோல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, சூடு ஆறாமல் காக்கும் மூடிபோட்ட டப்பாதான். இங்கே சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. காய்கறியையும் வெள்ளை சாஸையும் அகலமான பேக்கிங் பாத்திரத்தில் சேர்த்து, மேலே சீஸ் தூவி, ஓவனில் பொன்னிறமாக எடுத்து, அதே பாத்திரத்தோடு மேசையில் வைத்து எல்லோரும் அள்ளிக்கொள்ளும் பண்டம். பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் பாத்திரத்துக்குத்தான் அந்தப் பெயர். உள்ளே வெந்த உணவுக்கு அது பிறகு ஒட்டிக்கொண்டது.

இதைச் செய்து பார்த்துக் கைவிட்டவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும்: மேலே அழகாகச் சிவந்திருந்தது, கரண்டியை விட்டால் அடியில் குளம். அதற்குச் சீஸ் காரணமில்லை. காலிஃப்ளவரிலும் காளானிலும் எடையில் 92 சதவீதம் தண்ணீர். சுக்கினி என்னும் சீமைச் சுரைக்காயில் 95. உருளைக்கிழங்கில்கூட ஏறத்தாழ 79. இந்தத் தண்ணீரை ஓவனுக்குப் போவதற்கு முன்பே வெளியேற்றிவிட வேண்டும். மீதி வரும் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்குச் சாஸ் கெட்டியாக இருக்க வேண்டும். கீழே வரும் செய்முறையில் பாதி இந்த ஒரு வேலைக்காகத்தான்.

பாத்திரமும் அளவுகளும்

33 × 23 செ.மீ. (13 × 9 அங்குலம்), 5 செ.மீ. ஆழமுள்ள பாத்திரத்துக்கான கணக்கு இது. இதுவே முக்கிய உணவு என்றால் எட்டுப் பேருக்குத் தாராளமாக வரும்; வேறு பதார்த்தங்களும் இருந்தால் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போதும். பீங்கானும் கண்ணாடியும் மெதுவாகச் சூடேறி, இறக்கிய பிறகும் வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். பகிர்ந்து சாப்பிட அதுவே வசதி. அலுமினியத் தட்டு சட்டென்று சூடேறும். அதில் ஐந்து நிமிடம் முன்பாகவே பார்க்கத் தொடங்குங்கள்.

காய்கறிக்கு:
- காலிஃப்ளவர் 500 கிராம் (தண்டும் இலையும் நீக்கியபின்)
- உருளைக்கிழங்கு 350 கிராம்
- பிரக்கோலி 250 கிராம்
- கேரட் 200 கிராம்
- காளான் 200 கிராம்
- பச்சைப் பட்டாணி 100 கிராம் (உறைந்தது போதும்)
- பெரிய வெங்காயம் 1
- எண்ணெய் 1 மேசைக்கரண்டி

சாஸுக்கு:
- வெண்ணெய் 60 கிராம் (4 மேசைக்கரண்டி)
- மைதா 60 கிராம் (தட்டிய அரை கப்)
- கொழுப்பு நீக்காத பால் 750 மி.லி. (3 கப்)
- பூண்டு 3 பல்
- கடுகுப் பொடி 1 தேக்கரண்டி
- மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய்த் துருவல் இரண்டு சிட்டிகை
- உப்பு அரைத் தேக்கரண்டி (ருசி பார்த்துக் கூட்டலாம்)
- செடார் சீஸ் 150 கிராம்

மேலே போட:
- செடார் 75 கிராம், மொசரெல்லா 100 கிராம்
- பிரெட் தூள் 50 கிராம், உருக்கிய வெண்ணெய் 25 கிராம்

உங்களிடம் 20 செ.மீ. சதுரப் பாத்திரம்தான் இருக்கிறதா? அதன் பரப்பு பெரியதில் பாதியைவிடச் சற்றுக் கூட, எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். பேக்கிங் நேரம் மட்டும் பாதியாகாது. ஆழம் அதேதான் என்பதால் ஐந்து நிமிடம் குறைந்தால் அதிகம்.

காய்கறியைப் பக்குவப்படுத்துவது

காலிஃப்ளவர், பிரக்கோலிப் பூக்களைச் சாப்பாட்டுக் கரண்டியில் ஒன்று அடங்கும் அளவுக்கு, 3 செ.மீ. வாக்கில் உதிர்த்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சின்னதாக்கினால் குழைந்துவிடும். பெரிதாக்கினால் பரிமாறும்போது உருளும். பிரக்கோலித் தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், தோலைச் சீவினால் உள்ளே இருப்பது நல்ல கறி. உருளைக்கிழங்கை 5 மி.மீ. வில்லைகளாகவும் கேரட்டை அதே கனத்திலும் நறுக்குங்கள்.

3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு 2 மேசைக்கரண்டி உப்பு போடுங்கள். அளவு கூடுதலாகத் தெரியலாம், ஆனால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். காய்க்குள் உப்பு இறங்க இதுதான் வாய்ப்பு. பிறகு சாஸில் எவ்வளவு உப்பு போட்டாலும் காலிஃப்ளவரின் நடுப்பகுதி சப்பென்றுதான் இருக்கும்.

ஒரே தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு எடுங்கள்: உருளைக்கிழங்கு 5 நிமிடம், கேரட் 4, காலிஃப்ளவர் 3, பிரக்கோலி ஒன்றரை. கணக்கு, போட்டபின் தண்ணீர் மறுபடி கொதி வந்த நேரத்திலிருந்து. கத்தி முனையால் குத்தினால் உள்ளே போக வேண்டும். ஆனால் கடைசியில் கொஞ்சம் மறுக்க வேண்டும். அந்த மறுப்பு ஓவனில் தீரும். உருளைக்கிழங்கில் மட்டும் மறுப்பு மிகக் குறைவாக இருக்கட்டும். அது பச்சையாக உள்ளே போனால் சாஸுக்குள் வேக ஒரு மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் மேலே கருகிவிடும்.

இனி முக்கியமான கட்டம். வடிகட்டியில் கொட்டிவிட்டு அப்படியே விட்டால், ஒன்றின்மேல் ஒன்று கிடந்து ஆவி வெளியேற வழியில்லாமல் மறுபடி தண்ணீராகும். ஐஸ் தண்ணீரில் போட்டாலோ, காலிஃப்ளவர் பூவின் இடுக்கெல்லாம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் வேண்டாம். அகலமான தட்டில் சுத்தமான பருத்தித் துணியை விரித்து, காயை ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். சூடான காயிலிருந்து ஆவி எழுவது கண்ணுக்குத் தெரியும். அந்த ஆவி அத்தனையும் பிறகு பாத்திரத்தின் அடியில் நிற்க வேண்டிய தண்ணீர். பத்து நிமிடம் கழித்து ஒரு பூவைத் தலைகீழாக எடுத்து டிஷ்யூ தாளில் அழுத்திப் பாருங்கள். ஈரத்தடம் பெரிதாக விரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். புள்ளிபுள்ளியாக மட்டும் தெரிந்தால் போதும்.

காளானைக் கொதிக்கும் தண்ணீரில் போடவே கூடாது. அகலமான வாணலியில் எண்ணெய் விட்டு, நல்ல தீயில், உப்பு போடாமல் வதக்குங்கள். முதலில் தண்ணீர் விடும், வாணலியே நனைந்துபோகும். பலர் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் சுண்டி, சலசலப்பு மாறிச் சுருசுருவென்று பொரியும் ஓசை வந்து, ஓரங்கள் பழுப்பாகும்வரை, ஏழெட்டு நிமிடம், விடுங்கள். நறுக்கிய வெங்காயத்தையும் அதிலேயே சேர்த்து இன்னும் நான்கு நிமிடம். பட்டாணியை வேகவைக்க வேண்டாம். உறைவு விட்டதும் துணியில் ஒற்றிக்கொண்டால் சரி.

நேரமிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. காலிஃப்ளவர், கேரட், பிரக்கோலியை இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டி, 220 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் நெருக்கமில்லாமல் பரப்பி வறுத்துவிடுங்கள். தண்ணீர் குறைவதோடு ஓரம் சிவந்து இனிப்பும் ஏறும். சுவைக்கு இதுதான் மேல். ஆனால் இரண்டு தட்டு வேண்டும், கேசரோலும் சற்று அடர்நிறமாகத்தான் வரும்.

சுக்கினி, கத்தரிக்காய், தக்காளி, கீரை ஆகியவை தனி இனம். சுக்கினியையும் கத்தரியையும் நறுக்கி, அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு தூவி, அரை மணி நேரம் வடியவிட்டுத் துணியில் அழுத்துங்கள். அதற்குப் பிறகு வதக்கியோ வறுத்தோதான் சேர்க்க வேண்டும். கீரையை வதக்கி, ஆறியதும் உருண்டை பிடித்துப் பிழியுங்கள். ஒருமுறை பிழிந்து முடிந்தது என்று தோன்றும்போது இன்னொருமுறை பிழிந்தால் இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர் வரும். தக்காளியை விதையும் சாறும் நீக்கி, மேல் அலங்காரத்துக்கு நாலு வில்லை வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சீஸ்: எதை, ஏன்

இழை இழையாக நீள வேண்டும் என்று மொசரெல்லாவை மட்டும் கொட்டுவது பரவலான தவறு. மொசரெல்லா நீளும், ஆனால் அதற்குச் சுவை மென்மை, ஆறினால் ரப்பராகிவிடும். சுவை தருவது செடார். ஆகவே சாஸுக்குள் செடார் மட்டும், மேலே இரண்டும் கலந்து. செடாரிலும் நடுத்தர முதிர்ச்சி உள்ளதை எடுங்கள். அதிகம் முதிர்ந்ததில் காரசாரமான சுவை இருக்கும். ஆனால் அதன் புரதப் பின்னல் தளர்ந்திருப்பதால் சூட்டில் எண்ணெய் எளிதில் பிரியும். மிக முதிர்ந்ததுதான் பிடிக்கும் என்றால் 150 கிராமில் 50 கிராமை மட்டும் அதுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவியே பாக்கெட்டில் வருவது ஒட்டாமலிருக்க, அதில் மாவுச்சத்தோ செல்லுலோஸ் பொடியோ தூவியிருப்பார்கள். மேலே தூவ அது பரவாயில்லை. சாஸில் கரைத்தால் வாயில் லேசான நறநறப்பு தெரியும். துண்டு போட்டு விற்கும் பதப்படுத்திய சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் குழம்பாக்கி உப்புகள் இருப்பதால் வழவழப்பாக உருகும், பிரியவே பிரியாது. ஆனால் நிறம் பிடிப்பதில் மந்தம், உப்பும் அதிகம். அதைச் சாஸில் போடுவதானால், தனியாக உப்பு போடாதீர்கள்.

பனீர் உருகாது. பாலை அமிலத்தால் திரித்துச் செய்யும் எந்தச் சீஸும் இப்படித்தான்: சூடு பட்டால் தண்ணீர் விடும், இறுகும், இழையாகாது. காயோடு சேர்க்கும் துண்டாகப் பனீரைப் போடலாம். சீஸுக்குப் பதிலாக வைக்க முடியாது.

பகிரும் உணவு என்பதால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில சீஸ்களில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கப்படுகிறது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியச் சீஸில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. சைவம் உண்பவர்கள் இருந்தால் உறையைப் படித்து, நுண்ணுயிர் அல்லது தாவர ரென்னெட் உள்ளதை எடுங்கள்.

வெள்ளை சாஸ்

அடி கனமான பாத்திரத்தில், நடுத்தரத்துக்கும் குறைவான தீயில் வெண்ணெயை உருக்கி, நசுக்கிய பூண்டை அரை நிமிடம் வதக்குங்கள், நிறம் மாறக் கூடாது. மைதாவைக் கொட்டி விஸ்க்கால் கிளறுங்கள். முதலில் பசை போல இருக்கும். பிறகு நுரைத்து, ஈர மணல் போலத் தளரும். பிஸ்கட் வாசனை லேசாக எழும். அந்த இடம்வரை இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு முன்பு பாலை ஊற்றினால், சாஸில் பச்சை மாவு வாடை மீதியிருக்கலாம்.

பால் வெதுவெதுப்பாக இருந்தால் வேலை வேகமாகும், குளிர்ந்ததானாலும் பாதகமில்லை. கட்டி தட்டுவது பாலின் சூட்டைவிட ஊற்றும் வேகத்தால்தான். முதல் அரைக் கப்பை ஊற்றி, மாவு அதை முழுவதும் குடித்து உருண்டையாகத் திரளும்வரை கிளறுங்கள். இரண்டாவது அரைக் கப்பில் அது குழைந்த கூழாகும். இந்த இரண்டு கட்டத்தையும் தாண்டிவிட்டால் மீதிப் பாலை மூன்று தவணையாக ஊற்றிவிடலாம். அப்படியும் கட்டி தட்டினால் அலட்டிக்கொள்ளாமல் வடிகட்டியில் ஊற்றி எடுங்கள், யாருக்கும் தெரியாது.

அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதி வரவிட்டு, குமிழி வந்தபின் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் வேகவையுங்கள். மாவுச்சத்து முழுதாகக் கெட்டிப்பட கொதி நிலையை எட்டியாக வேண்டும். “கெட்டியாகிவிட்டதே” என்று முன்பே நிறுத்தினால் ஓவனில் நீர்த்துப்போகும். கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் சரியாமல் நின்றால் பதம். சூப்புக்கோ பாஸ்தாவுக்கோ செய்யும் சாஸைவிட இது ஒரு பங்கு கெட்டி. தண்ணீர் விடும் காய்களோடு சேரப்போகிறது என்பதால் வேண்டுமென்றே அப்படி.

இப்போது அடுப்பை அணையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, கொதிப்பு அடங்கியதும் சீஸ் துருவலை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் கரைந்தபின் அடுத்ததைப் போடுங்கள். அடுப்பு எரியும்போதே கொட்டினால் சீஸின் புரதம் சுருங்கிக் கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும்: மேலே எண்ணெய், அடியில் நார்க்கட்டி. சாஸிலுள்ள மாவு இதைக் கொஞ்சம் தடுக்கும், ஆனால் முழுக் கொதிப்பில் அதனாலும் முடியாது. லேசாகப் பிரிய ஆரம்பித்தால் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலும் சில துளி எலுமிச்சைச் சாறும் விட்டு வேகமாக அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் கூடிவரும். நார்நாராகிவிட்டால் மீளாது.

கடுகுப் பொடி, மிளகு, ஜாதிக்காய், உப்பு கடைசியில். கடுகின் சுவை தனியாகத் தெரியாது. செடாரின் காட்டத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவே. ஜாதிக்காயில் கை நீண்டால் மருந்து வாடை. இரண்டு சிட்டிகைக்குமேல் வேண்டாம். உப்பைச் சீஸ் கரைந்தபின் ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

அடுக்குவதும் ஓவனும்

ஓவனை 190 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடேற்றுங்கள். விசிறி ஓடும் ஓவனானால் 170. ஓடிஜி எனும் சிறிய மின் ஓவனில் மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும், நடுத்தட்டு. மைக்ரோவேவில் செய்பவர்கள் கன்வெக்‌ஷன் நிலையைத்தான் போட வேண்டும். சாதாரண மைக்ரோவேவில் எல்லாம் சூடாகும், எதுவும் சிவக்காது.

பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, அடியில் உருளைக்கிழங்கு வில்லைகளை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி அடுக்குங்கள். மேலிருந்து கசியும் கொஞ்ச நீரையும் இந்தப் படுகை வாங்கிக்கொள்ளும். மேலே இரண்டு கரண்டி சாஸைப் பரப்புங்கள். மீதிக் காய்கள் எல்லாவற்றையும் மீதிச் சாஸில் போட்டு, உடையாமல் புரட்டி, மேலே கொட்டிச் சமன்படுத்துங்கள். காயை அடுக்கிவிட்டு மேலிருந்து சாஸை ஊற்றும் முறையும் உண்டு. அதில் இடுக்குகளில் சாஸ் இறங்காமல் வறண்ட பூக்கள் அங்கங்கே மாட்டும். விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. கீழே நிற்பது அவசியம். கொதிக்கும்போது மேலேறி வழிந்தால் ஓவன் முழுக்கப் புகை. சந்தேகமிருந்தால் கீழ்த்தட்டில் ஒரு ட்ரேயை வையுங்கள்.

இரண்டு சீஸையும் கலந்து தூவுங்கள், ஓரம்வரை. பலரும் நடுவில் குவித்துவிடுவதால் மூலையில் இருப்பவருக்கு வெறும் காய்தான் கிடைக்கும். பிரெட் தூளை உருக்கிய வெண்ணெயில் நன்றாகப் பிசறி அதற்கும் மேலே. வெண்ணெய் படாத தூள் சிவக்காது, வெளுத்த மண்ணாகக் கிடக்கும்.

25 முதல் 30 நிமிடம். கடிகாரத்தைவிட ஓரத்தைப் பாருங்கள். பாத்திரத்தின் நாலு ஓரத்திலும் குமிழி வந்து, நடுப்பகுதியிலும் ஓரிரு இடத்தில் எழ வேண்டும். குமிழி எப்படிப்பட்டது என்பதிலும் சேதி இருக்கிறது: பெரிதாக, சோம்பலாக, “பொளக்” என்று வெடித்தால் சாஸ் கெட்டியாக இருக்கிறது. சின்னச் சின்னதாக, வேகமாக, தெளிவாகக் கொதித்தால் தண்ணீர் விட்டிருக்கிறது. மேலே சிவந்திருந்தாலும் இன்னும் எட்டுப் பத்து நிமிடம் ஃபாயிலைத் தளர்வாக மூடி விடுங்கள். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

நிறம் போதாவிட்டால் கடைசி இரண்டு நிமிடம் மேல்கிரில். பக்கத்திலேயே நில்லுங்கள், பிரெட் தூள் பொன்னிறத்திலிருந்து கரிக்குப் போக அரை நிமிடம் போதும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு இந்த வித்தை கூடாது. நேரடிக் கிரில் சூட்டில் அது விரிசல் விடலாம்.

எடுத்ததும் பரிமாறாதீர்கள். ஓவனிலிருந்து வரும்போது சாஸ் இளகித்தான் இருக்கும். 12 முதல் 15 நிமிடம் ஆறவிட்டால் சீஸும் மாவும் இறுகி, சதுரமாக வெட்டி எடுக்கவரும். உடனே கரண்டி போட்டுவிட்டு “தண்ணியா இருக்கே” என்று சொல்வது பாதி நேரம் இந்தப் பொறுமையின்மையால்தான். கரண்டியால் அள்ளுவதைவிடக் கத்தியால் நீளத்தில் நாலு, அகலத்தில் மூன்று என்று கோடு போட்டு, தட்டையான கரண்டியால் எடுத்தால் பன்னிரண்டு சமத் துண்டு. முதல் துண்டு எப்படியும் சிதையும். அது சமைத்தவருக்கு.

முன்கூட்டியே செய்வதும் எடுத்துப்போவதும்

விருந்துக்கு முந்தைய நாளே அடுக்கி முடித்துவிடலாம். காயும் சாஸும் ஆறியபின் சேர்த்து, சீஸ் தூவி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். பிரெட் தூளை மட்டும் தனி டப்பாவில் வைத்து ஓவனில் போகும் முன் தூவுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் ஈரம் குடித்து நமுத்துவிடும். ஆறும் சாஸின்மேல் ஏடு படியாமலிருக்க, பட்டர் பேப்பரை அதன்மேல் படும்படி ஒட்டி மூடுங்கள்.

சமைக்கும் நாளில் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்கவும். ஃபாயில் மூடி 25 நிமிடம், திறந்து இன்னும் 20 முதல் 25 நிமிடம். கண்ணாடிப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனில் வைத்தால் வெடிக்கும் அபாயம் உண்டு. சூடான கண்ணாடியை ஈரமான மேடையில் வைப்பதும் அதே அபாயம்தான். மரப்பலகையோ மடித்த உலர்ந்த துணியோ போடுங்கள்.

இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோவதானால், முழுதாகச் சுட்டு எடுத்துப்போவதைவிட, ஐந்து நிமிடம் குறைத்துச் சுட்டு, போன இடத்தில் திறந்தபடி பத்து நிமிடம் வைப்பது நல்லது. அங்கே ஓவன் கிடைக்காதென்றால், ஃபாயிலால் மூடி, தடித்த துண்டில் சுற்றி, இறுக்கமான அட்டைப்பெட்டியில் வைத்துப் போங்கள். மூடிய சூட்டில் மேல்பரப்பு மொறுமொறுப்பை இழக்கும், அதைத் தவிர்க்க வழியில்லை. பிரெட் தூளை வாணலியில் வெண்ணெயோடு வறுத்துத் தனியாகக் கொண்டுபோய்ப் பரிமாறும்போது தூவலாம். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்தால் அதைச் சாப்பிட வேண்டாம். பாலும் சீஸும் வேகவைத்த காயும் கலந்த பண்டம் அது.

மேசையில் வைக்கும்போது ஒரு சீட்டில் “பால், கோதுமை, கடுகு உண்டு” என்று எழுதி வைத்துவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கோதுமை ஆகாதவர்களுக்காகச் செய்தால் மைதாவுக்குப் பதில் 30 கிராம் சோளமாவு (கார்ன் ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மாவு) போதும், அதற்குக் கெட்டிப்படுத்தும் திறன் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் வெண்ணெயில் வறுக்காமல், அரைக் கப் குளிர்ந்த பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றிக் கிளற வேண்டும். வெண்ணெயைக் கடைசியில் சேர்க்கலாம். பிரெட் தூளுக்குப் பதில் நொறுக்கிய கார்ன் ஃப்ளேக்ஸ் போடுவதானால் உறையில் மால்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மால்ட் பார்லியிலிருந்து வருவது, அதிலும் கோதுமையில் உள்ளதுபோன்ற குளூட்டன் புரதம் உண்டு.

கெட்டுப்போனால்

அடியில் தண்ணீர் நின்றுவிட்டது என்றால், பாத்திரத்தை ஒரு பக்கம் சாய்த்து, மூலையில் சேரும் நீரைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மூடாமல் பத்து நிமிடம் மறுபடி சுடுங்கள். மேலே மாவைத் தூவிக் கிளறுவது உதவாது, வேகாத மாவுதான் மிஞ்சும். மாறாக எல்லாம் வறண்டு களிபோல இருந்தால் காய்கள் சாஸைக் குடித்துவிட்டன. உருளைக்கிழங்கு கூடிப்போனால் இப்படித்தான். ஓரங்களில் நாலைந்து இடத்தில் கரண்டியால் விலக்கி, அரைக் கப் சூடான பாலை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்தால் தளரும். கண்ணாடிப் பாத்திரமாக இருந்தால் பால் நிஜமாகவே சூடாக இருக்கட்டும்.

மேல்பரப்பு தோல்போலத் தனியே உரிந்துவந்தால் மொசரெல்லா அதிகம், அல்லது ஓவனில் நேரம் அதிகம். எண்ணெய் மிதந்தால் மிக முதிர்ந்த சீஸ் அல்லது மிகையான சூடு. டிஷ்யூ தாளை மேலே தொட்டு எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். பிரக்கோலி காக்கி நிறமானால் கொதிநீரில் ஒன்றரை நிமிடம் மூன்றானது என்று பொருள். சுவைக்குக் கேடில்லை, கண்ணுக்குத்தான்.

மிச்சத்தை ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். சூடாக்கும்போது 160 டிகிரியில் ஃபாயில் மூடி, ஒரு மேசைக்கரண்டி பால் தெளித்து, நடுவில் 74 டிகிரி வரும்வரை. உறையவைத்தால் இரண்டு மாதம்வரை தாங்கும். ஆனால் உருளைக்கிழங்கு பொருபொருவென்று ஆகும், சாஸும் சற்றுத் திரியும். சோளமாவில் செய்ததை உறையவைக்கவே வேண்டாம்.

காலிப் பாத்திரத்தின் ஓரத்தில் கருகி ஒட்டிய சீஸைச் சுரண்ட அவசரப்படாதீர்கள். முழுதாக ஆறியபின் முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிடுங்கள். வெந்நீர் பட்டால் மாவும் பால் புரதமும் பசையாகி நாரில் அப்பிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் பெரும்பகுதி தானாக உரியும். அடம்பிடிக்கும் மூலைகளுக்கு மட்டும் பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் தேய்க்கவும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சோடா வேண்டாம், கருத்துப்போகும்.